பயனாளி

அவரை எல்லாரும் பாட்டில்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாகக் கேட்கிறவர்கள் ஒரு தினுசாகச் சிரிப்பார்கள். மனுஷன் வாழ்க்கையில் ஒரு சொட்டு குடித்தவரில்லை. இருமல் மருந்தைக்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் விழுங்குவார். கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் வேலை பார்த்ததால் வந்த பெயர் அது. வெளிச்சப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, வரிசையாக நகர்ந்து வரும் பாட்டில்களில் குமிழோ விரிசலோ தெரிந்தால் கம்பியால் தட்டிக் கீழே தள்ளிவிடுவார். இளமை முழுக்க அதிலேயே போனது. பிறகு ஒரு நாள் தொழிற்சாலையை இழுத்து மூடி, அவரையும் சேர்த்து அறுநூறு பேரைத் தட்டிக் கீழே தள்ளிவிட்டார்கள்.

ஏன் மூடினார்கள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். முதலாளி நஷ்டம் என்றார். மேனேஜர் பிளாஸ்டிக் வந்துவிட்டது என்றார். செய்தித்தாளில் ‘பொருளாதாரக் கட்டமைப்பு மாற்றம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கட்டமைப்பு என்றால் என்ன, அதை யார் மாற்றினார்கள் என்று பாட்டில்காரர் நாலு பேரிடம் விசாரித்துப் பார்த்தார். ஒருத்தருக்கும் தெரியவில்லை. மாறியது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. உலை எரிந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பியது. சாம்பல் கொட்டிய பள்ளத்தில் நீல நிறமாகத் தண்ணீர் விட்டு நீச்சல் குளம் என்றார்கள். அவர் உட்கார்ந்திருந்த வெளிச்சப் பலகைக்கு நேர் மேலே, ஏழாவது மாடியில், அவருடைய மனைவி தரை துடைக்கப் போனாள். பொருளாதாரம் மேலே போயிருக்கிறது என்று படித்தவர்கள் சொல்வது இதைத்தான் போலிருக்கிறது.

அந்த மேலே போவதற்கு லிஃப்ட் உண்டு. அது வீட்டுக்காரர்களுக்கும் அவர்களுடைய நாய்களுக்கும். வேலைக்கு வருகிறவர்களுக்குப் படிக்கட்டு. ஏழு மாடி ஏறி, ஒரு வீட்டில் பெருக்கித் துடைத்துவிட்டு, இறங்கி வந்து இன்னொரு வீட்டுக்கு ஏறுவாள். அப்படி மூன்று வீடு. குடும்பத்தில் அடுப்பு எரிந்தது அவளுடைய முழங்காலால்தான்.

அதற்காகப் பாட்டில்காரர் சும்மா இருந்தார் என்று சொல்லிவிட முடியாது. ஊரில் புதிதாக ஒரு தொழில் கிளம்பியிருந்தது. மற்ற தொழில்களுக்கு மணல், இரும்பு, பஞ்சு என்று ஏதாவது மூலப்பொருள் வேண்டும். இதற்கு ஏழைகள் இருந்தால் போதும். அது இந்த ஊரில் தாராளமாகக் கிடைத்தது. வேலை போனவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக் கைதூக்கிவிட எங்கிருந்தெல்லாமோ பணம் வந்தது. ஒரு கூடம், ஒரு மின்விசிறி, ஒரு பேனர், இருபத்தைந்து ஏழைகள். இருபத்தைந்து தலை இருந்தால்தான் பயிற்சி நடந்ததாகச் சேர்த்தி. வந்தவர்களுக்குத் தினப்படியும் மதியத்துக்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும் உண்டு.

மெழுகுவத்தி செய்யப் பயிற்சி எடுத்தார். செல்போன் பழுது பார்க்கப் பயிற்சி எடுத்தார். இருபத்தைந்து பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு செல்போன். ஆரம்பிக்கும்போது அது நன்றாகத்தான் இருந்தது, பயிற்சி முடியும்போதுதான் பழுதானது. காளான் வளர்க்கப் பயிற்சி எடுத்தார். மூன்று காளான் முளைத்தது, அதை எடுத்த படங்கள்தான் கணக்கில் அடங்காது. ஆளுமை வளர்ச்சி என்று ஒன்று நடந்தது. எப்படிக் கை குலுக்க வேண்டும் என்று நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். கை கொடுக்க ஆளில்லாத இருபத்தைந்து பேரும் ஒருவருக்கொருவர் குலுக்கிக்கொண்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

எந்தப் பயிற்சியும் வேலையில் கொண்டுபோய் விடவில்லை. அடுத்த பயிற்சியில்தான் விட்டது. அதிலும் பாட்டில்காரருக்குத் தனி மவுசு. வறுமையும் நம்பிக்கையும் ஒரே முகத்தில் சேர்ந்து அமைவது லேசில் கிடைக்காது என்று பயிற்சிகளை நடத்திய திட்ட அலுவலர் சொல்வார். படம் எடுக்கிறார்கள் என்றால் அவரைத்தான் முன்வரிசைக்கு இழுப்பார்கள். ஊரில் நாலு பேனரில் அவர் முகம் இருந்தது. எல்லாவற்றிலும் கீழே ‘பயனாளி’ என்று போட்டிருந்தது.

அந்த வார்த்தை அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது, மகள் அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லும்வரை. அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். டிரைவர், தையல்காரர், வாட்ச்மேன் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இவள் எழுந்து, “எங்கப்பா பயனாளி” என்றாளாம். டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிள்ளை வீட்டுக்கு வந்து, அப்படியென்றால் அது வேலை இல்லையா என்று அவரிடமே கேட்டது. அவர் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். உடம்பெல்லாம் எரிகிற வெட்கம். பேனரில் சிரித்துக்கொண்டிருந்த தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அன்றிலிருந்து சுற்று வழியாக நடந்தார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் திட்ட அலுவலர் வீடு தேடி வந்தார். சின்ன வயசு, தோளில் எப்போதும் ஒரு பை, எந்நேரமும் ஓட்டம். கடல் கடந்து பணம் அனுப்புகிற இடத்திலிருந்து ஓர் அம்மையார் நேரில் பார்க்க வருகிறாராம். ஏழைகளுக்குச் சிறு கடைகள் வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று இவர்கள் மூன்று வருஷமாக எழுதி அனுப்பியிருந்தார்கள். வந்த பணம் கூடத்து வாடகைக்கும், பேனருக்கும், காருக்கும், பேச வந்தவர்களைத் தங்கவைத்த ஓட்டலுக்கும் சரியாகப் போய்விட்டது. கடைக்கென்று ஓர் ஆணிகூட வாங்கவில்லை. அம்மையார் ஒரே ஒரு கடையைப் பார்த்தால் போதும் என்கிறார். அந்த ஒன்றுக்குத்தான் இப்போது பஞ்சம்.

அலுவலர் ஏற்பாட்டோடு வந்திருந்தார். பாட்டில்காரர் வீட்டு முன்னறை தெருவைப் பார்த்து இருக்கிறது, அதுவே கடை. மொத்த வியாபாரி ஒருவரிடம் பேசி, ஒரு நாளைக்குச் சரக்கு இரவல் வாங்கியாகிவிட்டது. கூல்டிரிங்ஸ் ஏஜென்சியிலிருந்து ஒரு ஃபிரிட்ஜும் வரும்.

“ஒரே ஒரு நாள்ண்ணே,” என்றார். “ஒரு பொருளும் குறையக் கூடாது. சாயங்காலம் வண்டி வந்து எல்லாத்தையும் ஏத்திட்டுப் போயிடும். அக்காகிட்ட சொல்லிடுங்க.”

பாட்டில்காரர் தலையாட்டினார். அதில் மட்டும் அவருக்குப் பயிற்சி போதாது என்று யாரும் சொல்ல முடியாது.

மனைவி முழங்காலுக்கு மருந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். நமக்கு ஒரு கடை வைத்துத் தருகிறார்கள் என்று ஆரம்பித்தார். அது முதல் பாதி. ஒரு நாளைக்குத்தான் என்ற மறு பாதி நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தேய்த்த கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“உப்பு வருமா?”

அந்தத் தெருவில் கடை கிடையாது. ஒரு கைப்பிடி உப்புக்குக்கூட மெயின் ரோட்டைத் தாண்டி, கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே எல்லாமே பெரிய பெரிய பாக்கெட். கையில் இருக்கிற சில்லறைக்கு அங்கே காற்று மட்டும்தான் குளுகுளுவென்று கிடைக்கும். உப்பும் சோப்பும் தீப்பெட்டியும் வைத்து இந்தத் தெருவில் ஒருத்தர் உட்கார்ந்தால் போதும், பிழைத்துக்கொள்ளலாம் என்று அவள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாட்டில்காரருக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “வரும்” என்றார். மறு பாதி தொண்டைக்குள்ளேயே இறங்கிவிட்டது.

விடிந்ததும் சொல்லிவிடலாம் என்று படுத்தார். அவர் எழுந்திருப்பதற்குள் அவள் புறப்பட்டுப் போயிருந்தாள்.

ஏழாவது மாடி வீட்டம்மாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வெளியே போகும்போது பால் பாட்டிலில் பால் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அங்கே பேனாவால் கோடு போட்டுவிட்டுப் போவார். அன்றைக்கும் போட்டுவிட்டுப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். பாட்டில்காரர் மனைவி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, இனிமேல் கோடு போட்டுக் கஷ்டப்பட வேண்டாம், நான் வரப்போவதில்லை, வந்த நாளிலும் உங்கள் பாலைத் தொட்டதில்லை என்று சொன்னாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். இத்தனை வருஷம் படி ஏறும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள், அதனால் தடுமாறவில்லை. கீழே வரும்போது லிஃப்டில் வந்தாள். உள்ளே இருந்த நாய் ஒன்று ஒதுங்கி இடம் விட்டதாம். அதே சூட்டில் மற்ற இரண்டு வீட்டுக்கும் போய் நாளை முதல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

இதையெல்லாம் அவள் சிரிக்கச் சிரிக்கச் சொன்னபோது பாட்டில்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். கடை ஒரு நாளில் போய்விடும். இருந்த மூன்று வீடும் போய்விட்டது. இந்த நேரத்திலாவது வாயைத் திறந்திருக்கலாம். அவர் திறக்கவில்லை. நல்லவர்தான், ஆனால் கோழை. நல்லவர் என்ற பெயரில் கோழைகள் நிறையப் பேர் ஊரில் காலம் தள்ளுகிறார்கள்.

அந்த நாளும் வந்தது. கட்டிலையும் பாத்திரங்களையும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அலமாரி வந்தது, சரக்கு வந்தது, ஃபிரிட்ஜ் வந்தது. வாசலில் அவர் படம் போட்ட பலகை ஏறியது. ‘முன்னேற்றப் பாதை பல்பொருள் அங்காடி, உரிமையாளர்: பயனாளி’ என்று எழுதியிருந்தது. அலுவலர் பாட்டில்காரருக்கு ஓர் இரவல் சட்டையை மாட்டி, அம்மையாரை வரவேற்க மெயின் ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். காலையில் வர வேண்டியவர்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்கள் என்று பத்து மணிக்குத் தகவல் வந்தது, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று மதியத்துக்கு மேல் தகவல் வந்தது.

தெருவுக்கு இந்த நாடகமெல்லாம் தெரியுமா? கடை திறந்திருக்கிறது, பாட்டில்காரர் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். முதலில் பக்கத்து வீட்டுக்காரி உப்புக்கு வந்தாள். பிறகு ஒருத்தர் பாதி சோப்பு கிடைக்குமா என்று கேட்டார். அவள் நூலால் அறுத்து இரண்டாகக் கொடுத்தாள். அரிசி மூட்டையைப் பிரித்து டம்ளர் கணக்கில் அளந்தாள். முட்டையை ஒன்று இரண்டாக விற்றாள். கையில் இருந்த காசுக்கு ஏற்ற மாதிரி சாமான் கிடைக்கிறது என்று தெரிந்ததும் அடுத்த தெருவும் வந்துவிட்டது.

பரிவாரம் வந்து சேர்ந்தபோது வாசலில் கூட்டம் நெரிந்தது. அலமாரியில் அங்கங்கே பொக்கை விழுந்திருந்தது. அலுவலர் முகத்தில் ஈயாடவில்லை. அம்மையாருக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். எத்தனையோ நாடுகளில் இப்படிக் கடைகளைப் பார்த்திருக்கிறாராம், எல்லாவற்றிலும் சரக்கு நிறைய இருக்குமாம், வாங்குகிற ஆள்தான் இருக்க மாட்டாராம். மொழிபெயர்ப்பாளர் சொன்னார். அம்மையார் தானும் ஒரு சோப்பு கேட்டார். இலவசமாகக் கொடுக்கச் சொல்லி அலுவலர் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினார், கையைக் காட்டினார். பாட்டில்காரர் மனைவி விலையைச் சொல்லிக் கையை நீட்டி, காசை வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறையைக் கொடுத்தாள். பாட்டில்காரர் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தார். பயிற்சி என் வாழ்க்கையை மாற்றியது, இது என் சொந்தக் கடை. சொல்லும்போதே அது நிஜமாக இருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றிக் குரல் உடைந்துவிட்டது. அதைப் படம் எடுத்தவர்களுக்குப் பரம திருப்தி.

கார்கள் போனதும் வண்டி வந்தது. சரக்கு பாதி இல்லை என்று கேள்விப்பட்டு மொத்த வியாபாரியே நேரில் வந்துவிட்டார். அலுவலர் கையைப் பிசைந்துகொண்டு விஷயத்தை உடைத்தார். இது சும்மா பார்வைக்கு வைத்தது, இருக்கிறதை எல்லாம் ஏற்றியாக வேண்டும் என்றார்.

அவள் அலுவலரைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். பாட்டில்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தெரியும்.”

“மூணு வீட்டையும் விட்டுட்டு வந்து நின்னேனே, அப்பவும் தெரியுமா?”

“உப்பு வருமான்னு கேட்டியே. அதுக்கப்புறம் எனக்கு வாய் வரல.”

அவள் திட்டுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். திட்டவில்லை. அலுவலர் அவசரமாக, அக்கா கவலைப்பட வேண்டாம், அடுத்த மாசம் பெண்களுக்கென்றே ஒரு பயிற்சி வருகிறது என்றார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் உள்ளே போய், காசு போட்டு வைத்திருந்த டப்பாவை எடுத்து வந்து வியாபாரி முன்னால் வைத்தாள். வித்தது எல்லாம் இதில் இருக்கிறது, உங்கள் அசலை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள் என்றாள்.

வியாபாரி அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார். ஊருக்கெல்லாம் சரக்குப் போடுகிறவர், மனுஷர்களை எடை போடுவதும் அவருக்குத் தொழில்தான். எது முதலில் தீர்ந்தது என்று கேட்டார். சின்ன சோப்பும் முட்டையும் என்றாள். பெரிய எண்ணெய் டின் ஒன்றுகூட நகரவில்லையே என்றார்.

“இந்தத் தெருவுல யாரு மொத்தமா டின் வாங்குவாங்க முதலாளி? அன்னன்னிக்குச் சம்பாதிச்சு அன்னன்னிக்கு வாங்கறவங்க. சின்ன பாக்கெட்டா போடுங்க, நான் வித்துத் தர்றேன்.”

வியாபாரி சிரித்தார். பெரிய கடைக்காரனுக்குக் கொடுக்கிற விலைக்கு உனக்குக் கொடுக்க முடியாது, கொஞ்சம் கூடத்தான் போடுவேன் என்றார். பெரியவனுக்குக் குறைத்தும் சின்னவனுக்குக் கூட்டியும் விற்பதுதான் வியாபார தர்மமாக எங்கேயும் இருக்கிறது. அவள் அதையும் ஒத்துக்கொண்டாள். ஏழு மாடி ஏறுவதைவிட அது ஒன்றும் பெரிசில்லை. கடைசியாக வியாபாரி எழுந்து நின்று, பலகையைக் கையால் காட்டினார்.

“இது இருக்கக் கூடாதும்மா. இந்த மூஞ்சியப் பாத்தா தர்மத்துக்கு நடக்கற கடைன்னு நெனச்சு எல்லாரும் கடன் சொல்லுவாங்க. இன்னொண்ணு. சரக்கு உன் பேர்லதான். பயனாளிக்கு நான் கடன் குடுக்கறதில்ல.”

பலகை திட்டத்துச் சொத்து என்று அலுவலர் முனகினார். பிறகு ஏதோ உறைத்திருக்க வேண்டும். முகம் பளிச்சென்று மாறியது. கடை நிஜமாகவே நடக்கப் போகிறது, ஆக எழுதி அனுப்பியதெல்லாம் பொய்யில்லை. சந்தோஷமாகத் தானே ஏணி கொண்டுவரப் போனார். பலகையைக் கழற்றியது பாட்டில்காரர்தான். தன் முகத்தைத் தானே தலைகீழாகப் பிடித்து இறக்கி, வண்டியில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

அந்த ஒரு கடையைக் காட்டித் திட்டத்துக்கு இன்னும் பல வருஷத்துக்குப் பணம் வந்தது. கூடத்துக்கு ஏசி போட்டார்கள். அறுநூறு பேருக்குப் பதில் ஒருத்தி பிழைத்துக்கொண்டதற்கு அறிக்கையில் முன்னேற்றம் என்று பெயர். அதிலும் கடைக்கு உரிமையாளர் பாட்டில்காரர்தான். அவள் ‘குடும்ப உறுப்பினர்’.

வண்டி போன அன்று ராத்திரி வீட்டில் அவள் அவரோடு பேசவில்லை. மறுநாள் காலையில் பாட்டில்காரர் பழக்கதோஷத்தில் கூடத்துக்குப் போனார். தேனீ வளர்ப்புப் பயிற்சி. வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நீங்கள்தான் முன்னேறிவிட்டீர்களே, இனிமேல் உங்களுக்கு இங்கே இடமில்லை என்றார்கள். உள்ளே இருந்த பழைய ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பொறாமையாகவும் இருந்தது அவர்களுக்கு, அவருடைய இடத்துக்கு யாரைச் சேர்க்கலாம் என்ற யோசனையாகவும் இருந்தது. ஏழையாக இருக்கிற வேலையும் போய்விட்டது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. தெருவில் போகிறவர்களெல்லாம் தன்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஒருத்தரும் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் தள்ளுவண்டி நின்றிருந்தது. சரக்கு வந்திருந்தது. அவள் ஒற்றை ஆளாக மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தாள், முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. பாட்டில்காரர் ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்தார். கனம் தெரிந்தது. பல வருஷமாக அவர் தூக்கியது சாப்பாட்டுப் பொட்டலத்தை மட்டும்தான். மூச்சு வாங்க உள்ளே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார்.

“நான் அதுல உக்காரட்டுமா?”

“வேணாம்,” என்றாள். அவரோடு அவள் பேசிய முதல் வார்த்தை அது. “கேட்டதுக்கு உண்மையைச் சொல்லப் பழகுங்க மொதல்ல. அப்புறம் உக்காரலாம்.”

“அதுக்கு எவ்வளவு நாள் ஆகும்?”

“உங்களப் பொறுத்து.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு, வாய் சும்மா இருக்காமல், “தினப்படி ஏதாச்சும் உண்டா?” என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“தூக்குனா சோறு உண்டு. பொய் சொன்னா அதுவும் கெடையாது.”

வண்டியில் இன்னும் மூட்டைகள் இருந்தன. பாட்டில்காரர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அடுத்ததை இறக்கப் போனார்.